ஜரிகை எழுத்தில் ஓர் எட்டு

தப்பு என்னுடையது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை இழுத்து, பூசி மெழுகி, சூழ்நிலை அப்படி என்று முடித்துவிடுகிற ஆள் நான். என்னை எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல வந்தது என் கதை இல்லை. எங்கள் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் ப்ரூஃப் பார்த்த அக்காவின் கதை. அதில் நான் வருகிற இடம் கேவலமான இடம், அவ்வளவுதான்.

அக்கா பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, அச்சடித்த தாள்களை மடிக்கிற வேலைக்கு வந்தவர். மடிக்கிறவர்கள் படிக்கமாட்டார்கள், கை தானாக மடித்துக்கொண்டே போகும். இவர் படித்துக்கொண்டே மடித்தார். ஒரு நாள், ஒரு பள்ளிக்கூட ஆண்டு மலரில் தலைமையாசிரியர் படத்துக்குக் கீழே 'வெற்றி பெற்ற கயிறு இழுக்கும் அணி' என்று இருந்ததைப் பார்த்து, "ஐயையோ, மெஷினை நிறுத்துங்க!" என்று கத்தியிருக்கிறார். மறு வாரமே அவருக்கு ஜன்னலோரமாக ஒரு மேசை, ஒரு லென்ஸ், ஒரு பச்சை மைப் பேனா எல்லாம் வந்துவிட்டன. நான் கம்ப்யூட்டரில் எழுத்து கோக்க அங்கே சேர்ந்தபோது அந்த மேசைக்குப் பதினைந்து வயது.

எதையும் அவர் கடைசி வரியிலிருந்து மேலே போய்ப் படிப்பார். "மேலேர்ந்து படிச்சா கதையில மனசு போயிடும் தம்பி. தப்பு நழுவிடும்" என்பார். எண்களை மட்டும் விரல் வைத்து, வாய் விட்டுப் படிப்பார். பேருந்துச் சீட்டு, சோப்பு உறை, வீட்டு வாடகை விளம்பரம் எதையும் விடமாட்டார். அவருடைய கல்யாணப் பத்திரிகையிலேயே ஒரு தப்பைக் கண்டுபிடித்தவர். "தாலி கட்டுறப்ப இவ என்னையா பாத்தா? கார்டைப் பாத்து முறைச்சுக்கிட்டு இருந்தா" என்று அவர் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

அச்சகத்தில் ஒரே ஒரு சட்டம் இருந்தது. ப்ரூஃப் தாளில் அக்காவின் பச்சைக் கையெழுத்து விழுந்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடக் கூடாது. எழுத்து கோக்கிறவன் தப்பு விடுவது குற்றம் இல்லை, அதைப் பிடிக்கத்தான் அக்கா இருக்கிறார். ஆனால் கையெழுத்துக்குப் பிறகு கை வைத்தால் வேலை போய்விடும். எனக்கு முன்னால் இருந்தவன் ஒரு பூவை இரண்டு அங்குலம் நகர்த்தி, அன்றைக்கே வீட்டுக்குப் போனான்.

இனி என் பைத்தியத்தைச் சொல்ல வேண்டும். ஓர் ஆங்கில எழுத்துரு எனக்குக் கிடைத்திருந்தது. எழுத்துக்கு விளிம்பு மட்டும்தான், உள்ளே காகிதத்தின் வெள்ளை. இடப்பக்கக் கோடு தலைமுடி அளவு, வலப்பக்கக் கோடு நல்ல தடிமன். அதனால் ஒவ்வோர் எழுத்தும் பக்கத்திலிருந்து வெளிச்சம் பட்டது போல எழும்பி நிற்கும். முனைக்கு முனை சின்னச் சின்னப் பாதங்கள். R-இன் கால் சாவகாசமாக நீண்டு இறங்கும். Q-வின் வால் அடுத்த எழுத்தின் அடி வரைக்கும் போய் வளையும். துணியின் ஓரத்தில் மட்டும் ஓடுகிற ஜரிகை மாதிரி இருந்ததால் அதற்கு ஜரிகை என்றே பெயர் வைத்தேன். அச்சகத்தில் எல்லோரும் அப்படியே சொன்னார்கள், எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினேன். வாசனைத் திரவியப் பெட்டியில் போட்டேன், நன்றாக இருந்தது. நீச்சல் போட்டிச் சான்றிதழில் பெயருக்கு மேலே ஒற்றை எழுத்தாகப் போட்டேன், அதுவும் நன்றாக இருந்தது. அத்தோடு நின்றிருக்கலாம். பல் டாக்டரின் விசிட்டிங் கார்டில் தொலைபேசி எண்ணுக்குப் போட்டேன். வாடகை வண்டிக்காரரின் ரசீதில் போட்டேன். ஒருமுறை இரங்கல் அட்டையிலும் போட்டுவிட்டேன். அதைப் பார்த்ததும் அக்கா பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏன் தம்பி, செத்தவருக்கு நகை மாட்டி விட்டிருக்க?"

"அழகா இல்லையாக்கா?"

"அழகுக்கு என்ன குறைச்சல். கேளு. இந்த எழுத்தைப் பெருசாப் போடு, கொஞ்சமாப் போடு. சுத்தி இடம் விட்டுப் போடு. படிச்சே ஆகணும்னு இருக்குற எதையும் இதுல போடாத. இது பாக்குறதுக்கு வந்த எழுத்து. படிக்கிறதுக்கு வேற எழுத்து இருக்கு."

ஜரிகை எழுத்தைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. எனக்குச் சுருக்கென்று இருந்தது. பத்தாவது படித்தவர் எனக்கு எழுத்தைப் பற்றிச் சொல்லவந்துவிட்டார் என்று நினைத்தேன். அப்படி நினைத்தேன் என்று எழுதும்போதே முகம் சுடுகிறது.

அப்போதுதான் பள்ளிக்கூட பஸ் டிரைவர் ஒருவர் மகளின் கல்யாண விருந்துக்குக் கார்டு அடிக்க வந்தார். மாப்பிள்ளை வீட்டார் பல ஊர்களில் இருந்தார்கள். கார்டு ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்றார். மகளும் வந்திருந்தாள். பருபருவென்று மேடும் பள்ளமுமாக இருந்த தடித்த அட்டையைத் தேர்ந்தெடுத்து, தங்க நிற மை கேட்டாள். "அவங்க பெரிய இடம். நம்ம வீட்டுக் கார்டு குறைச்சலாத் தெரியக் கூடாது, பாத்துக்குங்க" என்றார் டிரைவர். என்னிடம்தான் சொன்னார்.

பெண், மாப்பிள்ளை பெயர்களை ஜரிகையில் பெரிதாகப் போட்டேன். தேதி, மண்டபம், 8 PM என்ற நேரம் எல்லாம் சாதாரண எழுத்தில். அக்கா அடியிலிருந்து மேலே படித்தார். 'எட்டு' என்று வாய் விட்டுச் சொன்னார். "இதுல ஜரிகை அம்சமா இருக்கு தம்பி. இப்படித்தான் போடணும்" என்று சொல்லிப் பச்சையில் கையெழுத்திட்டார். நான் அந்த ப்ரூஃபை வழக்கம்போல் கம்பியில் குத்தி வைத்தேன்.

அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு ஐந்து நிமிஷம் முன்பு திரும்பப் பார்த்தேன். அத்தனை அழகான பெயர்களுக்குக் கீழே அந்த நேரம் பிச்சைக்காரன் மாதிரி நிற்பதாகப் பட்டது. ஒரே ஒரு வரி. ஜரிகைக்கு மாற்றினேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன், எட்டு ஜொலித்தது.

மெஷின்காரர் முதல் அட்டையை எடுத்து வந்து காட்டினார். "என்னப்பா, நேரம் போட்ட வரி நூல் நூலா விழுது? இந்த அட்டையில மை பிடிக்கல."

"அதுதான்ணே அதோட அழகு. ஓட்டுங்க" என்றேன்.

மேடுபள்ளமான அட்டையில் எட்டின் இடப்பக்க மெல்லிய கோடு விழவே இல்லை. தடித்த வலப்பக்கம் மட்டும் விழுந்தது. இடப்பக்கம் இல்லாத எட்டு எப்படி இருக்கும் என்று ஒரு காகிதத்தில் போட்டுப் பாருங்கள். மூன்று மாதிரிதான் இருக்கும், ஜரிகை என்றுகூடத் தெரியாது.

டிரைவருக்கு நேரம் தெரியும், அதனால் அவர் கண்ணுக்கு அது எட்டாகவே தெரிந்தது. பக்கத்துச் சொந்தங்களுக்கு வாயாலேயே சொல்லியிருந்தார். தபாலில் கார்டு வாங்கிய மாப்பிள்ளை வீட்டார்தான் பகல் மூன்று மணிக்கு, ஐம்பது அறுபது பேர், நல்ல உடுப்பில் வந்து பூட்டிய மண்டபத்தின் முன்னால் நின்றிருக்கிறார்கள். ஒதுங்க நிழல் இல்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா படியிலேயே மயங்கி விழுந்துவிட்டார். டிரைவர் தகவல் தெரிந்து ஓடி வருவதற்குள் பாதிப் பேர் திரும்பிப் போய்விட்டார்கள். எட்டு மணி விருந்தில் பாதி நாற்காலிகள் காலி. அன்றைக்கு விழுந்த பேச்சு, 'வெயிலில் நிற்க வைத்த வீடு' என்று. புகுந்த வீட்டில் அந்தப் பெண்ணுக்கு எது நடந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்களாம்.

மறுநாள் காலையில் அச்சக வாசலில் டிரைவரின் குரல் கேட்டது. "மூணு போட்டிருக்கு! மூணு!" அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. எல்லோரும் வாசல் பக்கம் ஓடினார்கள். நான் கம்பியிடம் ஓடினேன். அக்காவின் கையெழுத்துப் போட்ட ப்ரூஃபை உருவி, நாலாக மடித்து, சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். யோசிக்காமல் செய்தேன் என்று சொன்னாலும் பொய்.

முதலாளி ப்ரூஃபைக் கேட்டார். இல்லை. "நீங்கதானேம்மா பாத்தீங்க?" என்று கார்டை அக்காவிடம் நீட்டினார். அக்கா அதைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"மூணுதான் இருக்கு" என்றார். "நான் பாத்தப்ப எட்டுங்க. எட்டுன்னு வாய் விட்டுப் படிச்சேனே."

பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, நீ சொல்லு. ப்ரூஃப்ல எட்டா, மூணா?"

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

லென்ஸ் அவர் மேசைமேலேயே இருந்தது. வைத்துப் பார்த்திருந்தால் விழாத கோட்டின் பொட்டுப் பொட்டான மிச்சம் தெரிந்திருக்கும். அந்தக் கூச்சலில் யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

அக்கா அதற்கு முந்தைய மாதம்தான் கண்ணாடி மாற்றியிருந்தார். சாயங்காலம் ஆனால் கண் கொஞ்சம் கூசுகிறது என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தார். அது என் நினைவுக்கு வந்த அதே நொடியில் அவருடைய நினைவுக்கும் வந்தது. முகத்தில் அது தெரிந்தது. "என் கண்ணுதான்" என்றார். டிரைவர் பக்கம் திரும்பி, "ஐயா, என் கண்ணு ஏமாத்திடுச்சு" என்று கை கூப்பினார். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரும் போகச் சொல்லும் முன்பே அக்கா பச்சைப் பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

எனக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. கவனமாக வேலை செய் என்று முதலாளி சொன்னார். சாப்பிட்டேன், தூங்கினேன். அக்காவின் மேசையில் தாள் கட்டுகளை அடுக்கினார்கள், நானும் இரண்டு கட்டு தூக்கி வைத்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம். ஜரிகையை மட்டும் திறக்கக் கை வரவில்லை.

பதினொரு மாதம் கழித்து மருந்துக் கடையில் அக்காவைப் பார்த்தேன். மாத்திரை அட்டையை நீட்டிக் கடைக்காரரிடம் தேதியைப் படிக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். எறும்பு அளவு எழுத்தை லென்ஸ் இல்லாமல் படித்தவர். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அடடே, தம்பி! நல்ல வேளை வந்த. இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. நீ படிச்சாச் சரியாத்தான் இருக்கும்."

படித்தேன். தேதி அடுத்த வருஷம் வரை இருந்தது. "இருக்குக்கா" என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கக் கூடாதா என்று இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ப்ரூஃபை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கிழித்துப் போட எத்தனையோ தடவை எடுத்திருக்கிறேன், கிழிக்க முடிந்ததில்லை. அக்காவின் மகள் அவருக்குச் செய்தித்தாள் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க. காலைல இவ படிக்கிறா, சாயங்காலம் நான் படிக்கிறேன். நான் படிச்சா விலைவாசி எல்லாம் பாதியா குறைஞ்சிடும்" என்று சிரித்தார்.

"அக்கா, இதைப் பாருங்க."

"என்கிட்ட எதுக்குத் தம்பி? அவகிட்ட குடு."

"நீங்கதான் பாக்கணும்."

விரித்தார். விரல் தானாகக் கடைசி வரிக்குப் போனது. "எட்டு மாதிரி தெரியுது" என்றார் மெதுவாக. "எனக்கு எட்டாத்தான் தெரியும். அதானே வியாதி."

மகள் எட்டிப் பார்த்தாள். "எட்டுதாம்மா."

"எட்டா?"

"எட்டுதான். கீழே உன் கையெழுத்து இருக்கு பாரு."

நான் சொன்னேன். மாற்றினது, மெஷின்காரர் காட்டினது, உருவி எடுத்தது எல்லாவற்றையும். பதினொரு மாதம் மறைத்து வைத்தது, சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. வீட்டுக்காரர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மகள் எழுந்து, "வெளிய போங்க" என்றாள்.

"இருடி" என்றார் அக்கா. என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "டாக்டர் கண்ணு நல்லா இருக்குன்னாரு. என் மனசுக்காகப் பொய் சொல்றாருன்னு நினைச்சேன். மூணு டாக்டரை மாத்தினேன் தம்பி. மூணு பேரும் நல்லா இருக்குன்னாங்க. ஒருத்தரையும் நான் நம்பல. அச்சுல இருந்ததை நம்பினேன். உன்னை நம்பினேன்."

எனக்கு அழுகை வந்தது. "அழாத. எரிச்சலா இருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார்.

பிறகு கேட்டார்: "டிரைவர் வீட்டுக்குப் போனியா?"

"இல்லக்கா."

"நான் போனேன். ரெண்டு தரம் போனேன், மன்னிப்புக் கேக்க. கதவே திறக்கல. பாவம், அவர் வயித்தெரிச்சல் அவருக்கு." தையல் பெட்டியிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்தார். மகளிடம் ஒரு வெள்ளைத் தாள் வாங்கி என் முன்னால் போட்டார். "நடந்ததை எழுது. வாயால சொன்னா நீ குழப்பிடுவ. கையில குடுத்துடு."

எழுதினேன். 'மதிப்பிற்குரிய ஐயா, எதிர்பாராத விதமாக ஏற்பட்ட அச்சுக் கோளாறினால் தங்கள் இல்ல விருந்தில் சிலருக்கு மனவருத்தம்' என்று ஆரம்பித்து ஒரு பக்கம். அக்கா வாங்கினார். பதினொரு மாதத்துக்குப் பிறகு அவர் படித்த முதல் தாள் அது. அடியிலிருந்து மேலே போனார். லென்ஸ் கேட்கவில்லை.

"எதிர்பாராம என்ன? மெஷின்காரர் கொண்டுவந்து காட்டினாரு இல்ல?" ஒரு பச்சைக் கோடு. "அச்சு என்ன பண்ணுச்சு பாவம்?" இன்னொரு கோடு. "சிலருக்கா? ஐம்பது பேர் நின்னாங்க." கோடு. "அந்த எழுத்துருவின் தன்மையால்னு வேற எழுதியிருக்க. எழுத்து மேல எதுக்குப் பழியைப் போடுற? அது அழகான எழுத்து. நீ போட்ட இடம்தான் தப்பு." கோடு. கடைசி வரியில் 'மன்னிக்க வேண்டுகிறேன்' என்று இருந்ததையும் அடித்தார். "மன்னிப்புக்குக் காகிதம் எதுக்கு? அதை வாயால கேளு."

மூன்றே வரிகள் மிஞ்சின. ப்ரூஃபில் எட்டு என்று சரியாக இருந்தது. கையெழுத்துக்குப் பிறகு நான் எழுத்தை மாற்றினேன். தெரிந்த பின்பு மறைத்து, பழியை அக்கா மேல் விட்டேன். வேறு தாளில் அதைச் சுத்தமாக எழுதவைத்து, கீழே பச்சையில் கையெழுத்திட்டார்.

"போட்டாச்சு. இனிமே ஒரு புள்ளி மாத்தக் கூடாது" என்றார். அவர் சிரிக்கவில்லை.

டிரைவர் வீடு இரண்டு தெரு தள்ளி. பனியனோடு வந்து கதவைத் திறந்தார். பேசாமல் கடிதத்தை நீட்டினேன். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் தேவலை என்று இருந்தது. ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். அப்படியே வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தம்மா இங்க வந்தாங்க" என்றார். "முதல் தடவை கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டேன். ரெண்டாவது தடவை மழை. ஜன்னல் வழியாப் பாத்தேன். இந்தப் படியிலதான் நனைஞ்சுக்கிட்டு நின்னாங்க. நிக்கட்டும்னு விட்டேன். எங்க ஆளுங்க வெயில்ல நின்னாங்க இல்ல, இவங்க மழையில நிக்கட்டும்னு." முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டார். "ஒரு தப்பும் பண்ணாதவங்க."

உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கடிதத்தை மடித்துப் பையில் வைத்தார். "அவங்க வீடு எங்க இருக்கு?"

வழி சொன்னேன். "நானும் வரட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க வேணாம்" என்றார். செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வேகமாக நடந்தார்.

அவர் தெருமுனை திரும்புகிற வரை அந்தப் படியிலேயே நின்றேன். அதற்குப் பிறகுதான், வாயால் கேட்கச் சொல்லி அக்கா அடித்த அந்த மன்னிப்பை நான் அக்காவிடமும் கேட்கவில்லை, இவரிடமும் கேட்கவில்லை என்பது உறைத்தது.